தனுஷ்கோடிக் கடற்காகங்கள்: ஒரே கூட்டத்தில் எத்தனை வகை?

கடலோரக்குருவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடற்காகங்களை (ஆங்கிலத்தில் gull) இனம் பிரிப்பதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவைக்க வேண்டுகிறேன். மூன்று ஆண்டுகளாகப் பறவைகளைக் கவனித்து வருகிறேன் என்றாலும், இதுவரை நான் பார்த்தவை பெரும்பாலும் இராமநாதபுரத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் வயல்களிலும் கிடைத்தவைதாம். கடற்கரைப் பறவைகளுக்கு நான் புதியவள்.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று காலை ஏழு மணியளவில், தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குச் சற்று முன்பாக, கரைவலை இழுத்து முடித்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்தருகே ஏறத்தாழ 200 கடற்காகங்கள் மணலில் அமர்ந்திருந்தன. வலையிலிருந்து உதறிப் போடும் பொடிமீனுக்காக அவை காத்திருந்தன. நம் கரைக்கு அதிகம் வருவது பழுப்புத்தலைக் கடற்காகம்தான் என்று கேள்விப்பட்டிருந்ததால், மொத்தக் கூட்டத்தையும் அந்தப் பெயரிலேயே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அது ஒரே வகைப் பறவைகளின் கூட்டம் அல்லவோ என்ற ஐயம் எழுந்தது. படங்களை இணைத்திருக்கிறேன், தெளிவுக்காக எழுத்திலும் சொல்கிறேன்.

முதல் படத்தில் இரண்டு பறவைகள் அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்பொட்டு. ஆனால் ஒன்றின் கண் வெளிறியும் மற்றதன் கண் கருமையாகவும் இருக்கின்றன. கருங்கண் உள்ளது கருந்தலைக் கடற்காகம் என்று கொள்ளலாமா?

இரண்டாம் படத்தில் பறந்துகொண்டிருக்கும் ஒரு பறவையின் சிறகில், முன்விளிம்பு நெடுக நல்ல வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறது. அதனுடன் பறக்கும் மற்றவற்றுக்கு அது இல்லை.

மூன்றாம் படத்தில் உள்ளதுதான் என்னை அதிகம் குழப்பியது. கூட்டத்தின் ஓரத்தில், முழுத்தலையும் கன்னங்கரேலென்று இருக்கும் ஒரு பறவை நிற்கிறது. கையேட்டைப் பார்த்து முதலில் கருந்தலைக் கடற்காகம் என்றே எண்ணினேன். ஆனால் பக்கத்தில் நிற்பவை அதன் தோளைக்கூட எட்டவில்லை. அலகும் மஞ்சளாக இருக்கிறது.

நான்காம் படத்திலும் ஒரு பெரிய பறவை. முதுகு அடர்ந்த சாம்பல் நிறம், கால்கள் மஞ்சள், மஞ்சள் அலகின் கீழ்ப்பகுதியில் சிவப்புப் பொட்டு. இதற்கு என்னிடமுள்ள பழைய கையேடு ஒரு பெயரும் புதிய கையேடு வேறு பெயர்களும் தருகின்றன. அறிவியல் பெயர்களும்கூட இரண்டிலும் ஒத்துப்போகவில்லை.

களத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யாராவது விளக்கினால், அடுத்த முறை எழுதும் குறிப்பாவது சரியாக இருக்கும்.

பழவேற்காட்டான்

வணக்கம் அம்மா. கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. பதில் சற்று நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழுப்புத்தலை, கருந்தலை என்ற பெயர்களை நம்பித் தலையைப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் முழுவதும் வருகிறது. இவை அந்தப் பறவைகள் கூடு கட்டும் ஊரில், கோடையில் பூணும் கோலத்தை வைத்துச் சூட்டப்பட்ட பெயர்கள். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக்கிலும் திபெத்தியப் பீடபூமியிலும் நடு ஆசியாவின் உயர்ந்த ஏரிகளிலும் முட்டையிடுகிறது. கருந்தலைக் கடற்காகம் ஐரோப்பா தொடங்கி ஆசியாவின் வடபகுதி நெடுகிலும் முட்டையிடுகிறது. நம் கரைக்கு வரும்போது இரண்டுமே அந்தத் தலைச்சாயத்தை உதிர்த்துவிட்டு வெள்ளைத் தலையோடு வருகின்றன. மிஞ்சுவது நீங்கள் சொன்ன அந்த மைப்பொட்டு மட்டுமே. அது இரண்டுக்கும் பொது. மார்ச் மாதத்தில் புறப்படும் முன் சாயம் திரும்பத் தொடங்கும்போதுகூட, கருந்தலையின் தலை உண்மையில் கருப்பு அல்ல, அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். பழுப்புத்தலையுடையது அதைவிட வெளிறிய பழுப்பு, அதிலும் பின்விளிம்பு மட்டும் கருத்து ஒரு கோடு போட்டதுபோல் இருக்கும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை தலையை மறந்துவிட்டுச் சிறகின் நுனியைப் பாருங்கள்.

வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகம் சிறகை விரித்தால், நுனி அகலமான கருப்பாக இருக்கும். அந்தக் கருப்புக்குள், கடைசி இரண்டு இறகுகளில், வெள்ளைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் இரண்டு பொட்டுகள் பளிச்சென்று தெரியும். கருப்புக்கு உள்பக்கமாக ஒரு வெள்ளைத் திட்டும் இருக்கும். கருந்தலைக்கு இந்த அமைப்பே கிடையாது. அதன் சிறகில் மணிக்கட்டு போன்ற மடிப்பிலிருந்து நுனிவரை முன்விளிம்பு நீண்ட வெள்ளை முக்கோணமாக இருக்கும். கருப்பு என்பது இறகுகளின் முனையில் ஒரு மெல்லிய ஓரம் மட்டுமே. நீங்கள் இரண்டாம் படத்தில் கண்ட பட்டை அதுதான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியில் பொட்டுகள் இல்லை, வெள்ளை விளிம்பு மடிப்பிலிருந்தே தொடங்குகிறது. என் கணிப்பில் அது கருந்தலைக் கடற்காகம். நீங்கள் பார்த்த 200-இல் அது ஒன்றுதானா, இன்னும் சில இருந்தனவா என்பதை மற்றப் படங்களைக் கொண்டு எண்ணிப் பார்ப்பது நல்லது.

முதல் படத்தில் கண்ணின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கருங்கண் என்பது சரியே. ஆனால் பிறந்து முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பழுப்புத்தலைக் குஞ்சுக்கும் கண் கருமையாகத்தான் இருக்கும். வயது ஏற ஏறத்தான் அது வெளிறும். எனவே கருங்கண் உள்ள பறவையைப் பார்த்தவுடன் அதன் வயதைக் கேளுங்கள். மடித்த சிறகின் மேல் பழுப்புத் திட்டுகள் உண்டா? வாலின் முனையில் கருப்புப் பட்டை உண்டா? அலகும் காலும் நல்ல சிவப்பாக இல்லாமல் மங்கிய ஆரஞ்சாக இருக்கின்றனவா? இவை இருந்தால் அது இளம் பறவை. அப்போது கண் எதையும் சொல்லாது. இளம் பழுப்புத்தலையின் சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டும் இன்னும் வந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நுனி முழுக்கக் கருப்பாகவே இருக்கும். இளம் கருந்தலையிலோ, கருப்பு ஓரம் சற்று மிகுந்தாலும், முன்விளிம்பின் வெள்ளை அப்போதே தெரியும். இன்னொன்று, அலகு. பழுப்புத்தலையின் அலகு தடித்தது, கருந்தலையுடையது மெலிந்தது. இரண்டும் அருகருகே நின்றால் இந்த வேறுபாடு நன்றாகவே புலப்படும். தனியாக நின்றால் புதியவர்கள் இதை நம்பி எழுதுவது சரியாக வராது.

மூன்றாம் படத்துக்கு வாழ்த்துகள். அது பல்லாஸ் கடற்காகம். பெரிய கருந்தலைக் கடற்காகம் என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் தொலைவிடங்களில் பயணம் செய்த ஜெர்மானிய இயற்கையாளர் பீட்டர் சைமன் பல்லாஸ் 1773-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். உலகின் மிகப்பெரிய கடற்காகங்களுள் இதுவும் ஒன்று. பழுப்புத்தலை நீளத்தில் ஏறத்தாழ நம் வீட்டுக் காக்கை அளவு என்றால், இது கரும்பருந்து அளவு இருக்கும். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர். மற்றவை வெள்ளைத் தலையோடு இருக்கையில் இதற்கு மட்டும் பிப்ரவரியிலேயே தலை கருத்துவிட்டதற்குக் காரணம், வளர்ந்த பல்லாஸ் கடற்காகங்கள் இனப்பெருக்கக் கோலத்தை மிக முன்னதாகவே பூணத் தொடங்குவதுதான். கண்ணுக்கு மேலும் கீழும் பிறைபோல் இரண்டு வெள்ளைக் கீற்றுகள், மஞ்சள் அலகின் முனையருகே கருப்பும் சிவப்புமான பட்டை, உச்சந்தலையிலிருந்து அலகுவரை சரிந்து இறங்கும் நெற்றி ஆகியவை உங்கள் படத்தில் தெளிவாக இருக்கின்றன.

நான்காம் படத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருப்போம்.

நெய்தல்நிலத்தான்

பழவேற்காட்டான் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். முன்விளிம்பு வெள்ளை என்றவுடன் கருந்தலை என்று முடித்துவிடக் கூடாது. மெல்லலகுக் கடற்காகத்துக்கும் சிறகில் ஏறத்தாழ அதே வெள்ளை முக்கோணம் உண்டு. குஜராத் கரையில் அவை மிகுதி. நம் கரையில் குறைவுதான் என்றாலும், வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குக் கோடையிலும் தலை கருப்பதில்லை. குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னாலுள்ள பொட்டு மிக மங்கலாக இருக்கும், அல்லது இருக்காது. அலகு நீண்டும் நெற்றி தாழ்ந்து சரிந்தும் இருப்பதால் முகமே முன்னோக்கி இழுத்துவிட்டதுபோல் தோன்றும். கழுத்தை நீட்டும்போது மற்றவற்றைவிட நெட்டையாகத் தெரியும். வளர்ந்த பறவையின் கண் வெளிறியது. உங்கள் இரண்டாம் படத்தில் பொட்டு கருமையாகவும் நெற்றி உருண்டையாகவும் இருப்பதால் கருந்தலை என்ற முடிவை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் இந்த வழியாகவும் ஒரு முறை போய்வர வேண்டும்.

ஆலாக்கள் (ஆங்கிலத்தில் tern) என்ற மெலிந்த கடற்பறவைகளையும் மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் தடித்த அலகு ஆலாவுக்கும் கண்ணையொட்டிக் கருந்திட்டு இருக்கும். தொலைவில் மணலில் நிற்கும்போது சிறிய கடற்காகம் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் அலகும் காலும் கருப்பு என்பதைக் கண்டால் ஐயம் தீரும்.

இனி, நிற்கும் இடத்தைப் பற்றி. கடற்காகங்கள் கூட்டமாக ஓய்வெடுக்கும்போது காற்றை எதிர்நோக்கியே நிற்கும். எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். தனுஷ்கோடியில் பிப்ரவரியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எனவே கூட்டத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணைப் பக்கமாக நின்றால், பறவைகளின் முகம் உங்களை நோக்கி இருக்கும். காலையில் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமே விழும். அவை எழும்பும் நேரத்தில் விரிந்த சிறகுகள் உங்களுக்கு நேராக வரும். பருந்து ஒன்று மேலே வட்டமிட்டால் கூட்டம் தானாகவே எழும்பிவிடும், அதுவரை காத்திருங்கள். சிறகு விரிந்த படத்துக்காகக் கூட்டத்தை விரட்டுவதும், மிக்சரையும் பிஸ்கட்டையும் வீசி அருகே வரவழைப்பதும் இப்போது பல கரைகளில் வழக்கமாகிவிட்டதைக் காண வேதனையாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறப்பதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் மாதத்தில், ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அவை அந்தச் சேமிப்பைத்தான் செலவழிக்கின்றன.

கடலோரக்குருவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு முழுவதும் படங்களோடுதான் இருந்தேன்.

முதல் படத்திலுள்ள கருங்கண் பறவையை மீண்டும் பார்த்தேன். மடித்த சிறகில், தோளுக்குக் கீழே, தேயிலை வடிநீரைத் தெளித்ததுபோல் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. அடுத்தடுத்து எடுத்த படங்களுள் ஒன்றில் அதே பறவை திரும்பி நிற்கிறது. வாலின் முனையில் கருப்புப் பட்டை தெரிகிறது. அலகின் அடிப்பகுதி சிவப்பாக இல்லை, மங்கிய ஆரஞ்சு. சிறகை உயர்த்திச் சோம்பல் முறிக்கும் ஒரு படமும் கிடைத்தது. நுனி முழுக்கக் கருப்பு, முன்விளிம்பில் வெள்ளையே இல்லை. ஆகவே அது இளம் பழுப்புத்தலை என்று எழுதிக்கொண்டேன். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் தவறாகவே பதிவிட்டிருப்பேன்.

பறக்கும் படங்களில் தெளிவானவற்றை ஒவ்வொன்றாக எண்ணினேன். சிறகு நுனி தெரியும்படி இருந்தவை 64 பறவைகள்; அவற்றுள் முன்விளிம்பு வெள்ளை உள்ளவை 5. மீதியில் வெள்ளைப் பொட்டு உள்ளவையும், பொட்டு இல்லாத இளையவையும் கலந்திருந்தன. 200 என்று எழுதியதை அப்படியே பழுப்புத்தலையின் எண்ணிக்கையாக வைத்திருப்பது சரியில்லை என்பதால், பதிவைத் திருத்தி, உறுதியானவற்றைத் தனியாகவும் மற்றவற்றை இனம் பிரிக்காத கடற்காகங்கள் என்றும் எழுதிவிட்டேன்.

சிறு ஐயம் ஒன்று. எங்கள் பக்கத்து மீனவர்கள் இவை எல்லாவற்றையும் கடல்காக்கா என்றே சொல்கிறார்கள். காகத்தின் உருவமோ நிறமோ இல்லாத பறவைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

பழவேற்காட்டான்

பழைய பெயர் அம்மா. சங்கப் பாடல்களின் நெய்தல் திணையிலேயே கடற்கரைப் பறவையாகச் ‘சிறுவெண் காக்கை’ வருகிறது. அது கடற்காகமா ஆலாவா என்று அறிஞர்கள் வெவ்வேறாகச் சொல்வதுண்டு. ஆனால் மனிதர் வேலை செய்யும் இடத்தில் வந்து நின்று, கழிவை நம்பி வாழும் பறவையைக் காக்கை என்று அழைத்தது மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

மன்னார்க்கரை

வணக்கம். நான் மன்னார்த் தீவில் இருந்து எழுதுகிறேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். உங்கள் மணல்திட்டில் காலையில் நிற்கும் பறவை மாலையில் எங்கள் பக்கம் நிற்க எந்தத் தடையும் இல்லை. பெரிய கடற்காகங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் கரைக்கு வருவதால், நான்காம் படத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

உங்கள் இரண்டு கையேடுகளும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. முன்பு இந்தப் பெரிய, மஞ்சள் அலகுக் கடற்காகங்களில் பலவற்றை ஹெர்ரிங் கடற்காகம் என்ற ஒரே இனத்துக்குள் அடக்கி எழுதினார்கள். பின்னர் அது பல துண்டுகளாகப் பிரிந்தது. அறிவியல் பெயர்களில் உள்ள மாற்றத்துக்குக் காரணம் வேறு: முன்பு நீங்கள் பார்த்த நான்கு வகைகளையும் லாரஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றுக்குப் பிறகு, தலையில் சாயம் கொள்ளும் சிறியவை குரோய்கோசெஃபாலஸ் என்றும், பல்லாஸ் கடற்காகமும் அதன் உறவுகளும் இக்தியேட்டஸ் என்றும் தனித்தனியாகின. இக்தியேட்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மீன்கழுகு என்று பொருள். அந்தப் பறவையின் உருவத்தை நேரில் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். லாரஸ் என்ற பெயர் இப்போது நான்காம் படத்திலுள்ளது போன்ற பெரியவற்றுக்கே மிஞ்சியிருக்கிறது.

அந்த வகையில் நம் இரு கரைகளுக்கும் வழக்கமாக வருவது ஹியூக்ளின் கடற்காகம். வட ரஷ்யாவின் தூந்திரப் பகுதியில் முட்டையிடும் பறவை இது. சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் துணையினமாகவே இதை இப்போது பெரும்பாலான உலகப் பட்டியல்கள் வைத்திருக்கின்றன. அதே இனத்தின் மற்றொரு துணையினம் ஸ்டெப்பி கடற்காகம். மேற்குச் சைபீரியாவின் பராபா புல்வெளியை ஒட்டி அதன் அறிவியல் பெயர் அமைந்தது. மூன்றாவதாகக் காஸ்பியன் கடற்காகம் என்பது தனி இனம். முதுகின் நிறத்தை வரிசைப்படுத்தினால் ஹியூக்ளின் மிக அடர்ந்தது, ஸ்டெப்பி நடுத்தரம், காஸ்பியன் மிக வெளிறியது. புதிய கையேட்டில் நீங்கள் கண்ட பல பெயர்கள் இவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெண்மணலில் உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எந்தச் சாம்பலும் இரண்டு படி வெளிறிப்போகும். மூடிய வானத்தில் அதே பறவை கருத்துத் தெரியும். ஒரே பறவையைக் காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் படமெடுத்து அருகருகே வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுதான் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆகவே ஒரே படத்தில் பக்கத்தில் நிற்கும் பழுப்புத்தலையின் முதுகோடு ஒப்பிடுங்கள். ஹியூக்ளினின் முதுகு அதைவிடத் தெளிவாகவே கருத்திருக்கும். உங்கள் நான்காம் படத்தில் அப்படித்தான் இருக்கிறது; காலை வெயில் தாழ்ந்திருந்த நேரம் என்பதால் நிறமும் ஓரளவு நம்பத்தக்கது. காஸ்பியன் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் தலை சிறியது, பேரிக்காய்போல் முன்பக்கம் ஒடுங்கியது. கருமையான சிறு கண், நீண்டு இணைகோடாகச் செல்லும் அலகு. உங்களுடையது உருண்டைத் தலையும் வெளிறிய கண்ணும் கொண்டது, பின்கழுத்தில் பழுப்புக் கீற்றுகள் நிறைந்தது.

ஹியூக்ளினா ஸ்டெப்பியா என்பதை உறுதி செய்ய எனக்கு மிகவும் உதவுவது இறகுதிர்ப்பு. பெரிய கடற்காகங்கள் ஆண்டுதோறும் பறப்பிறகுகளை உள்ளிருந்து வெளியாக ஒவ்வொன்றாய் உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. ஹியூக்ளின் வெகு வடக்கே முட்டையிட்டு வெகு தொலைவு பறந்து வருவதால் இந்த வேலையைத் தாமதமாக முடிக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில்கூடக் கடைசி இறகுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பறவைகளை எங்கள் கரையில் பார்க்கிறோம். காஸ்பியன் அதற்கு வெகு முன்னரே முடித்துவிடும். ஸ்டெப்பியும் பொதுவாக ஹியூக்ளினுக்கு முந்திக்கொள்ளும். உங்கள் படத்தில் பறவை நிற்பதால் சிறகு நுனி சரியாகத் தெரியவில்லை. மடித்த நிலையில் சிறகு வாலைத் தாண்டி அதிகம் நீளாமல் மொட்டையாக முடிவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அது இறகு வளர்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். விரித்த சிறகின் படம் ஒன்று கிடைத்தால் மட்டுமே உறுதியாகச் சொல்வேன்.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழுப்புத்தலை, கருந்தலை போன்ற சிறியவை இரண்டு ஆண்டுகளில் முழுக்கோலம் பெறும். இந்தப் பெரியவற்றுக்கு நான்கு ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட ஆண்டுகளில் புள்ளியும் கோடும் கலந்த பழுப்புக் கோலங்களில் அவை திரியும். அவற்றைத் தொடக்கத்திலேயே பிரிக்க முயன்று மனம் தளர்ந்தவர்கள் அதிகம். முதல் இரண்டு பருவங்களில் வளர்ந்த பறவைகளை மட்டும் பார்த்துப் பழகுங்கள். இளையவற்றில் இப்போதைக்குப் பல்லாஸ் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதல் ஆண்டுப் பல்லாஸின் வெள்ளை வாலில் கத்தியால் வெட்டிவைத்ததுபோல் துல்லியமான கருப்புப் பட்டை இருக்கும். மற்றப் பெரியவற்றின் இளம் பறவைகளில் அந்தத் துல்லியத்தை நான் பார்த்ததில்லை.

கடலோரக்குருவி

மன்னார்க்கரை ஐயாவுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிலைப் படித்தபின் அடுத்த வாரமே மறுபடியும் போனேன். இந்த முறை கூட்டத்துக்கு வடகிழக்கே, காற்று முதுகில் அடிக்கும்படி உட்கார்ந்தேன். நெய்தல்நிலத்தான் சொன்னபடியே அத்தனை பறவைகளும் என்னைப் பார்த்து நின்றன. கண், அலகு, நெற்றி எல்லாம் எளிதாகத் தெரிந்தன. பல்லாஸ் இல்லை. கருந்தலை மூன்று கிடைத்தன. அவற்றுள் ஒன்றை அது பறப்பதற்கு முன்பே, மெலிந்த அலகை வைத்து ஊகித்தேன். எழும்பியபோது வெள்ளை முக்கோணம் விரிந்து அதை உறுதி செய்தது.

கருமுதுகுப் பறவை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதே பறவையா என்று என்னால் சொல்ல முடியாது. ஈரமணலில் இறங்கி, ஒரு நண்டை இழுத்துச் சாப்பிட்டுவிட்டு, அலகை நீரில் கழுவியது. பிறகு இரண்டு சிறகுகளையும் முதுகுக்கு மேலாக உயர்த்தி, ஒரு நொடி அப்படியே நிறுத்தியது. அந்த நொடியில் எடுத்த படம்தான் கீழே இருப்பது. உள்பக்க இறகுகள் புதியவை, கருகருவென்று இருக்கின்றன. ஆனால் சிறகின் வெளிமுனை கூராக முடியாமல் வட்டமாக முடிகிறது. வலப்பக்கத்தில் கடைசி இரண்டு இறகுகள் மற்றவற்றைவிடக் குட்டையாக, பாதி வளர்ந்த நிலையில் நிற்கின்றன. இடப்பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் இறகு முறிந்ததாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். இது நீங்கள் சொன்ன தாமதமான இறகுதிர்ப்புத்தானா?

மன்னார்க்கரை

ஆம், அதுவேதான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் குட்டையாக இருப்பதைக் கவனித்துச் சொன்னீர்களே, அதுதான் இங்கே முக்கியம். பிப்ரவரி நடுவில் கடைசி இரண்டு இறகுகள் பாதி வளர்ச்சியில், முதுகு பக்கத்திலுள்ள பழுப்புத்தலையைவிட அவ்வளவு கருமை, பின்கழுத்தில் கீற்று: இதை ஹியூக்ளின் என்று துணிந்து எழுதலாம். முதல் வாரத்துப் பறவையை மட்டும் சிறிய கருமுதுகுக் கடற்காகம் என்ற இனப்பெயரோடு நிறுத்தி, துணையினத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிடுங்கள். புதிய படத்தைப் பதிவோடு சேர்த்து ஏற்றும்போது, சிறகு விரித்த படத்தை வெட்டிச் சுருக்காமல் முழு அளவிலேயே ஏற்றுங்கள். பக்கத்தில் நிற்கும் பழுப்புத்தலையும் அதில் இருப்பதால், பின்னால் பார்ப்பவர்களுக்கு நிறத்தை ஒப்பிட அது பயன்படும்.